சொந்த ஊருக்குத் திரும்பிய தித்

கல்வி வளர்ச்சிக்கெனத் தோன்றிய கழகம் ஒன்றின் வெள்ளிவிழா மலரில், எழுதப் படிக்க அறியாத ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது ஏன் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. கற்றவர் பலர் நம்மிடையே தோன்றியுள்ளனர், இனியும் தோன்றுவர். ஆனால் தாம் பெற்ற நன்மையைத் தம் வீட்டாரும் சுற்றத்தாரும் பெறுமாறு செய்வது எவ்வாறு? அவர்கள் அதனை வேண்டாம் என்று தள்ளும்போது என் செய்வது? இக்கேள்விகளுக்குப் பள்ளிப் பாடங்களில் விடை கிடைப்பதில்லை. அவ்விடையை வாழ்ந்து காட்டிய ஒருவர் பஞ்சாப் நாட்டில் இருந்தார். அவர் பெயர் தித்.

தித்தா என்னும் பஞ்சாபிச் சொல்லுக்குக் கொடுக்கப்பட்டது என்பது பொருள். ராம் தித்தா, அல்லா தித்தா என்றெல்லாம் அந்நாட்டு இந்துக்களும் முஸ்லிம்களும் தம் பிள்ளைகளுக்குப் பெயரிடுவதுண்டு. நம் தித்துக்கோ, அவரைக் கொடுத்தவர் யார் என்று சொல்லும் முன்பெயர் கூட இல்லை. ஊராருக்கு அவர் வெறும் தித். ஆயினும் பஞ்சாபில் கிறிஸ்தவ சமயம் பரவிய வரலாற்றை எழுதியோர் அவர் பெயரைக் கூறாமல் மேற்செல்வதில்லை. அவர் கிறிஸ்தவத்தைப் பரப்பினார் என்பதனால் மட்டும் இங்கு அவரைப் போற்றவில்லை. எச்சமயத்தைச் சார்ந்த இளைஞரும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு என்பதனாலேயே அவர் வரலாற்றை இங்கு விரித்துரைக்கின்றோம்.

நாடும் மக்களும்

இமயமலைச் சாரலுக்குத் தெற்கே, ராவி, செனாப் என்னும் இரு ஆறுகளுக்கு இடையே அமைந்தது சியால்கோட் மாவட்டம். இன்று அது பாகிஸ்தானில் உள்ளது. 1849ஆம் ஆண்டு பஞ்சாப் முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் வந்தபோது சியால்கோட்டும் அவர்கள் வசமாயிற்று. கோதுமையும் கரும்பும் விளையும் வளமான நிலம். அந்நிலத்தின் உடைமையாளர் பெரும்பாலும் ஜாட் இனத்தவர். அவர்களுள் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு, சீக்கியரும் உண்டு.

சமயத்தால் பிரிந்திருந்த இம்மூவரும் ஒரு செய்தியில் மட்டும் ஒன்றுபட்டிருந்தனர். ஊருக்குப் புறத்தே மண்சுவர்க் குடிசைகளில் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரைத் தீண்டத்தகாதவர் என ஒதுக்கியதே அச்செய்தி. அக்காலப் பதிவுகள் அம்மக்களைச் சூஹ்ரா என்று குறிக்கின்றன. இன்று அச்சொல் வசையாகவே வழங்குகிறது. ஆதலின் ஒருமுறை குறித்ததோடு அதனை விடுத்து, அம்மக்கள் என்றே இனிக் கூறுவோம்.

அம்மக்களின் தொழில் யாது? தெருவைக் கூட்டுவது, சாணம் அள்ளுவது, இறந்த கால்நடைகளை அப்புறப்படுத்துவது, தோலை உரிப்பது, அறுவடைக் காலத்தில் நிலக்கிழாரின் வயலில் உழைப்பது ஆகிய அனைத்தும் அவர்கள் மேல் சுமத்தப்பட்டிருந்தன. கூலி பணமாகக் கிடைப்பதில்லை. அறுவடையில் ஒரு பங்கு தானியமும், அன்றாடம் எஞ்சிய உணவும், இறந்த விலங்கின் ஊனும் தோலுமே அவர்கள் பெற்றவை. கோவிலுக்குள் அவர்களுக்கு இடமில்லை. எல்லோரும் சமம் என்று போதித்த சமயத்தாரும் நடைமுறையில் அவர்களைத் தள்ளியே வைத்தனர். தமக்கென்று பாலா ஷா என்னும் ஒரு ஞானியைக் குருவாகக் கொண்டு, தம் பாடல்களையும் சடங்குகளையும் அவர்கள் போற்றி வந்தனர்.

இத்தகைய வாழ்வில் அவர்களுக்கு இருந்த ஒரே அரண் சுற்றம். பெண் கொடுப்பதும் கொள்வதும், சாவுக்குத் தோள் கொடுப்பதும், ஒரே உக்காவைச் சுற்றி அமர்ந்து புகைப்பதும், ஒரு பானை நீரைப் பகிர்ந்து குடிப்பதும் அந்தச் சுற்றத்தினுள்ளேதான். ஊர் தள்ளினாலும் சுற்றம் தள்ளாது என்பதே அவர்களுடைய உறுதி. இதனை நாம் மனத்தில் இருத்திக்கொண்டால்தான் தித்துக்கு நேர்ந்த சோதனையின் கடுமை விளங்கும்.

பதினெட்டு ஆண்டு உழைப்பு

1855ஆம் ஆண்டு ஆண்ட்ரூ கோர்டன் என்னும் அமெரிக்கர் சியால்கோட்டுக்கு வந்து ஒரு மிஷனைத் தொடங்கினார். ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் சபையைச் சார்ந்த அம்மிஷன் பள்ளிகளை நடத்தியது. கடைவீதிகளில் பிரசங்கம் செய்தது. பண்டிதருடனும் மௌல்விகளுடனும் வாதிட்டது. 1857ஆம் ஆண்டு முதன்முதலாக இருவர் திருமுழுக்குப் பெற்றனர். ஒருவர் முதிய இந்து. மற்றொருவர் மேற்சொன்ன தாழ்த்தப்பட்ட மக்களுள் ஒருவர். எனினும் அந்த இரண்டாம் மனிதர் காட்டிய வழியை மிஷன் அப்போது கண்டுகொள்ளவில்லை. கற்றோரும் உயர்சாதியாரும் முதலில் வந்தால் ஏனையோர் தாமே பின்தொடர்வர் என்பதே அக்கால மிஷனரிமார் பலரின் கருத்து. மேக் என்னும் நெசவாளர் சமூகத்தாரிடையே சில காலம் ஆர்வம் தோன்றிற்று. அதுவும் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை.

இதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஒருவர் கிறிஸ்தவரானவுடன் அவர் வீடு அவரை வெளியே தள்ளிற்று. வெளியே தள்ளப்பட்டவரை மிஷன் தன் வளாகத்துள் ஏற்றுக்கொண்டது. உணவும் வேலையும் கொடுத்துக் காத்தது. காத்தது நல்லெண்ணத்தினாலேதான். ஆனால் அதன் விளைவு யாது? புதிதாக நம்பிக்கை கொண்டவர் தம் ஊரைவிட்டு மறைந்தார். அவர் எவ்வாறு மாறினார், மாறியபின் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைக் காண அவருடைய உறவினருக்கு வாய்ப்பே இல்லாது போயிற்று. மகனைப் பறிகொடுத்த வீடு என்னும் பெயர் மட்டுமே ஊரில் எஞ்சியது. பறிகொடுத்தவர் பறித்தவரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பரோ? பதினெட்டு ஆண்டுகள் உழைத்தும் சபையினர் தொகை மிகச் சிறிதாகவே இருந்தது.

நத்துவும் தித்தும்

1872ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நத்து என்னும் ஜாட் இளைஞர் திருமுழுக்குப் பெற்றார். ஊர்த் தலைவரின் மகன், நிலத்துக்கு உரிமையாளர். அவரால் அவ்வினத்தார் பலர் வருவர் என்று மிஷனரிமார் பெரிதும் நம்பினர். அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. நத்து தம் குடும்ப உரிமையை இழந்தார். தம் இனத்தாரிடையே அவருக்குச் செல்வாக்கும் இல்லாது போயிற்று. வலிமையற்ற சகோதரர் என்றே மிஷன் பதிவுகள் அவரைக் குறித்துள்ளன.

அந்த வலிமையற்ற சகோதரர் ஒரு செயல் செய்தார். தமக்கு அறிமுகமான ஒரு தோல் வணிகரிடம் தாம் நம்பியதை எடுத்துரைத்தார். அவ்வணிகரே தித். சியால்கோட் நகரிலிருந்து ஏறத்தாழ 30 மைல் தொலைவில் இருந்த ஷாஹாப்திகே என்னும் சிற்றூர் அவருடையது. வயது முப்பதை ஒட்டியது. கருத்த நிறம், சிறிய உருவம், ஒரு கால் ஊனம். அமைந்த பேச்சும் பணிவும் உள்ளவர். உள்ளத்தின் நேர்மை முகத்தில் தெரிந்தது என்பர். ஊர் ஊராகச் சென்று தோல்களை வாங்கி, வணிகரிடம் விற்று, அதில் கிடைத்த சிறு ஊதியத்தைக் கொண்டு தம் குடும்பத்தைக் காத்து வந்தார்.

உயர்சாதியார் வழியாகத் தாழ்ந்தோருக்கு ஒளி இறங்கி வரும் என்று கணக்கிட்டோரின் கணக்கு இங்கே பொய்த்தது. நிலக்கிழார் மகனால் தம் இனத்தில் ஒரு வீட்டைக்கூட அசைக்க இயலவில்லை. அவரிடம் கேட்டறிந்த ஊனமுற்ற தோல் வணிகரோ ஒரு மாவட்டத்தையே அசைக்க இருந்தார்.

1873ஆம் ஆண்டு சூன் திங்கள்

அவ்வாண்டு சூன் திங்களில் நத்து தித்தை அழைத்துக்கொண்டு சியால்கோட்டில் இருந்த சாமுவேல் மார்ட்டின் என்னும் மிஷனரியிடம் வந்தார். தித்துக்கு உடனே திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்பது இருவரின் வேண்டுகோள். மார்ட்டின் தயங்கினார். இவர் போதிய அளவு கற்றிருக்கிறாரா? இவருடைய நோக்கம் தூயதா? சில நாட்களாவது நகரில் தங்கிப் பயின்றபின் அளிப்பதன்றோ முறை? இவ்வாறெல்லாம் அவர் எண்ணினார். தித்தோடு பேசிப் பார்த்ததில், அவர் அறிய வேண்டியவற்றை நத்து வழியாக அறிந்திருப்பது தெரிந்தது. மறுப்பதற்குத் தக்க காரணம் எதனையும் மார்ட்டினால் காண இயலவில்லை. முழு மனநிறைவு இல்லாமலே அவர் திருமுழுக்கு அளித்தார்.

அதன்பின் நிகழ்ந்ததே மார்ட்டினை மேலும் திகைக்க வைத்தது. தாம் இப்போதே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார் தித். மிஷன் வளாகத்தில் தங்குவது வழக்கம், பாதுகாப்பும் அதுவே. ஊரில் அடி உதை கிடைக்கலாம். உயிருக்கும் ஊறு நேரலாம். தித் அதனை அறியாதவர் அல்லர். ஆயினும் மிஷனிடம் வேலை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, தங்குவதற்கு இடமும் கேட்கவில்லை. வந்த வழியே, ஊனமுற்ற காலோடு, ஊரை நோக்கி நடந்தார்.

பதினெட்டு ஆண்டுகளாக நிலவிய வழக்கம் அன்று மாறிற்று. மாற்றியவர் மிஷனரி அல்லர். கல்லூரியில் சமயநூல் கற்றவரும் அல்லர். இதனை இளைஞர்கள் நினைவிற் கொள்க.

வீட்டாரின் மறுப்பு

ஊரில் தித்தை வரவேற்றது வசைமாரி. உடன்பிறந்தோர் கொதித்தனர், அவர்தம் மனைவியர் தூற்றினர், உறவினர் கூடிப் பழித்தனர். எங்களை ஒரு சொல் கேளாமல் நீ எவ்வாறு இதனைச் செய்யலாம் என்பதே அவர்களுடைய பெருங்குறையாக இருந்தது. இனி உன்னோடு உண்பதில்லை, குடிப்பதில்லை, உக்காவைப் பகிர்வதில்லை, உறவு இத்தோடு அற்றது என்று அண்ணியார் அறுதியிட்டுரைத்தார். ஒரு கால் முறிந்தது போதாது, மற்றதும் முறியட்டும் என்று சபித்தவரும் உண்டு.

இவ்வசைகளை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இயேசுவின் போதனை சரியா தவறா என்று அவ்வுறவினர் வாதிடவில்லை. நீ எங்களை விட்டுப் போகிறாயா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. உலகமே தள்ளிய மக்களுக்குச் சுற்றம் ஒன்றே துணை என்று முன்னர்க் கூறினோம். அச்சுற்றத்திலிருந்து ஒருவன் தானே முடிவு செய்து வெளியேறுகிறான் என்றால், எஞ்சியோர் தம்மை மீண்டும் ஒருமுறை தள்ளப்பட்டவராகவே உணர்வர். அவர்களுடைய சினத்தின் அடியில் அச்சம் இருந்தது. தம் பிள்ளையை இழந்துவிடுவோமோ என்னும் அன்பும் இருந்தது.

தித் இதனைப் புரிந்துகொண்டிருந்தார் என்றே அவருடைய நடத்தையிலிருந்து நாம் அறிகிறோம். சொல்லுக்குச் சொல் அவர் திருப்பவில்லை. நீங்கள் என்னை எவ்வளவு தூற்றினாலும் நான் அதனைப் பொறுப்பேன், ஆயினும் கிறிஸ்துவை மறுதலிக்க மாட்டேன் என்னும் கருத்தில் அமைதியாகப் பதில் உரைத்தார். அதன்பின் தம் குடிசையிலேயே இருந்தார். தம் தொழிலையே செய்தார். நீ எங்களை விட்டுப் போகிறாயா என்னும் கேள்விக்கு, அவர் நாள்தோறும் அங்கே கண்விழித்து எழுந்ததே விடையாயிற்று.

உறவினர் அவரைத் தள்ளினர். அவர் உறவினரைத் தள்ளவில்லை. அவர் வாழ்வின் சாரம் இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

முப்பது மைல் நடை

இரண்டு திங்கள் கழிந்தன. ஆகஸ்டுத் திங்களில் மார்ட்டினின் வீட்டு வாயிலில் ஒரு சிறு கூட்டம் வந்து நின்றது. முன்னால் தித், உடன் அவருடைய மனைவி, மகள், அண்டை வீட்டார் இருவர். பஞ்சாபின் கடுங்கோடையும் மழையும் கலந்த அப்பருவத்தில், 30 மைல் தொலைவையும் அவர்கள் கால்நடையாகவே கடந்து வந்திருந்தனர். தாம் அறிந்ததைத் தித்தே அவர்களுக்குக் கற்பித்திருந்தார். மார்ட்டின் அவர்களை வினவிப் பார்த்தார், மனம் நிறைந்தார், திருமுழுக்கு அளித்தார். அவர்களும் நகரில் தங்காமல், உடனே ஊருக்குத் திரும்பிவிட்டனர்.

1874ஆம் ஆண்டு பிப்ரவரியில் தித் மேலும் நான்கு ஆடவரை அழைத்து வந்தார். அவர்களுள் காக்கா என்னும் பெயருடையவர், தித்தைப் போலவே ஊதியம் எதுவும் பெறாமல் பிறருக்கு எடுத்துரைக்கும் துணையாளரானார். வசைபாடிய உறவினரிடையேயும் சிறிது சிறிதாக மாற்றம் தோன்றிற்று. கசப்பு குறைந்தது, கேட்கும் மனம் வந்தது, காலப்போக்கில் அவர்தம் குடும்பத்தினர் பலர் அவர் வழியில் வந்தனர்.

தோல் வணிகமும் நற்செய்தியும்

தித்தின் முறை மிக எளியது. தோல் வாங்க அவர் ஊர் ஊராகச் செல்ல வேண்டும். எந்த ஊரில் மாடு இறந்ததோ அந்த ஊரின் புறச்சேரிக்குச் செல்வார். விலை பேசுவார், அமர்வார், தாம் கண்டதைச் சொல்வார். கேட்பவர் அவரைப் போன்றவரே. அவர் மொழியே அவர்கள் மொழி. அவர் தொழிலே அவர்கள் தொழில். கடைவீதியில் மேடையிட்டு அயல்நாட்டவர் பேசும்போது எட்ட நின்று கேட்கவும் உரிமையற்றவர்கள், இங்கே தம் முற்றத்தில் அமர்ந்து வினாக்கள் கேட்டனர்.

எல்லோரும் ஏற்றனரோ எனில், இல்லை. பல ஊர்களில் அவரை இகழ்ந்தனர். சில இடங்களில் கேட்டுவிட்டுத் தலையசைத்து அனுப்பினர். அங்கெல்லாம் அவர் கடிந்துகொண்டு போகவில்லை. அடுத்த முறை தோல் வாங்க அதே ஊருக்கு, அதே முற்றத்துக்கு வந்தாக வேண்டுமே! ஒருமுறை பேசிவிட்டு மறைந்து போகும் பிரசங்கியார் எவரையும் புண்படுத்திவிட்டுச் செல்லலாம். மீண்டும் மீண்டும் வரவேண்டியவர் உறவைக் காத்தே பேச வேண்டும். மறுத்தவரிடமும் நேர்மையாக விலை கொடுத்தே தோல் வாங்க வேண்டும். பிழைப்புக்காகச் செய்த தொழிலே அவர் சொல்லுக்கு ஒழுங்கையும் பொறுமையையும் கற்பித்தது.

ஓர் ஊரில் ஒருவர், மற்றோர் ஊரில் இருவர், வேறோர் ஊரில் ஒரு குடும்பம் என்று தொடங்கியது பின்னர்ப் பெருகிற்று. பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் என உறவின் வழியே செய்தி சென்றது. 1884ஆம் ஆண்டளவில் அவ்வட்டாரத்தில் மட்டும் 500 பேருக்கு மேல் சபையில் சேர்ந்திருந்தனர். 1900ஆம் ஆண்டுக்குள் சியால்கோட் மாவட்டத்தில் அம்மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவராயினர். 1915ஆம் ஆண்டளவில் சில நூறு பேர் நீங்கலாக அனைவரும் சேர்ந்துவிட்டனர். பஞ்சாப் முழுவதிலும் 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 4,000 பேராக இருந்த இந்தியக் கிறிஸ்தவர், 1921ஆம் ஆண்டுக் கணக்கில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்களே.

எழுந்த ஐயங்கள்

இப்பெருக்கத்தைக் கண்டு மகிழ்ந்தோர் இருந்தனர். முகம் சுளித்தோரும் இருந்தனர். தாழ்ந்த சாதியாரைத் திரளாகச் சேர்த்தால் உயர்சாதியார் வரமாட்டார் என்று மிஷனரிமாருள்ளேயே சிலர் அஞ்சினர். இவர்கள் சோற்றுக்காக வருகின்றனர், நோக்கம் தூயதன்று என்று குறை கூறினர் பலர். நிலக்கிழாரின் எதிர்ப்பு வேறு வகையானது. கூலியற்ற ஊழியத்துக்கு ஆள் குறையும் என்பது அவர்களுடைய கவலை. வேலை மறுத்தும், அடித்தும், பொய்வழக்குத் தொடுத்தும் அவர்கள் இம்மக்களை அலைக்கழித்தனர்.

நோக்கம் பற்றிய குற்றச்சாட்டை நாம் நேராகவே எதிர்கொள்வோம். வந்தோருள் பாதுகாப்பை நாடியவர் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைக்கும் என்று வந்தவர் உண்டு. அதிகாரியிடம் பரிந்துரைக்க ஒருவர் வேண்டும் என்று வந்தவரும் உண்டு. மனிதராக மதிக்கப்பட வேண்டும் என்று விழைவது இழிந்த நோக்கமோ? பசித்தவன் உணவை நாடுவதையும், அடிபட்டவன் அடைக்கலம் நாடுவதையும் குறை கூறுவோர், பெரும்பாலும் பசியும் அடியும் அறியாதவரே. தித்தைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டுக்கே இடமில்லை. மிஷனில் தங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியவற்றை விட்டுவிட்டு, வசை காத்திருந்த ஊருக்குத் திரும்பியவர் அவர்.

பெற்றதும் பெறாததும்

மிஷனும் இம்மக்களைக் கண்டு தன் போக்கை மாற்றிக்கொண்டது. நகரத்தை விட்டுச் சிற்றூர்களை நோக்கிற்று. ஊர்ப் பள்ளிகள் தோன்றின. சியால்கோட்டில் கிறிஸ்தவச் சிறுவருக்கென விடுதியோடு கூடிய பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. இமாமுதீன் ஷாபாஸ் என்னும் கவிஞர் விவிலியத்தின் சங்கீதங்களைப் பஞ்சாபி மொழியில் பாட்டாக ஆக்கினார். நாட்டு மெட்டுகளில் அமைந்த அப்பாடல்களை எழுத்தறியாத மக்கள் நெஞ்சிலேயே எழுதிக்கொண்டனர். இன்றும் பஞ்சாபிக் கிறிஸ்தவர் வழிபாட்டில் அவை ஒலிக்கின்றன. புதிதாக வெட்டப்பட்ட கால்வாய்களின் பாசன நிலங்களில் கிறிஸ்தவக் குடியிருப்புகள் சில அமைந்தன. அவற்றுள் ஒன்று சாமுவேல் மார்ட்டினின் பெயரால் மார்ட்டின்பூர் என வழங்குகிறது.

இத்துடன் எல்லாம் நிறைவுற்றது என்று எழுதினால் நாம் உண்மைக்கு மாறாக எழுதியவராவோம். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலமாற்றுச் சட்டம், வேளாண் குலத்தார் என்று அரசு பட்டியலிட்டவர்களின் நிலத்தைப் பிறர் வாங்குவதைத் தடுத்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் அப்பட்டியலில் இல்லை. சமயம் மாறியும் நிலம் அவர்களுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின் சியால்கோட் பாகிஸ்தானுக்குச் சென்றது. அந்நாட்டுக் கிறிஸ்தவருள் மிகப் பெரும்பாலோர் இவ்வியக்கத்தில் சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்களே. அவர்களுள் ஆசிரியர், மருத்துவர், செவிலியர், நீதிபதி எனப் பலர் தோன்றினர். எனினும் அந்நாட்டின் துப்புரவுப் பணியாளருள் பெரும்பகுதியினர் இன்றும் கிறிஸ்தவரே. பழைய இழிபெயர் வசையாக இன்றும் அவர்கள் மேல் எறியப்படுகிறது. பெயரும் சமயமும் மாறியபின்னும் துடைப்பத்தைக் கையிலிருந்து இறக்கி வைப்பதற்கு நிலமும் கல்வியும் அதிகாரமும் வேண்டும் என்பதனை அவர்கள் வரலாறு நமக்கு எடுத்துக்காட்டுகிறது.

ஆயினும் ஒரு விளைவை எவரும் மறுக்க இயலாது. கேட்பாரற்றுக் கிடந்த மக்கள் தாமாகவே ஒரு முடிவை எடுத்து இடம்பெயர்ந்தபோது, ஏனைய சமயத்தாரும் அரசியலாரும் அவர்களைத் திரும்பிப் பார்த்தனர். ஆரிய சமாஜத்தார் தாழ்த்தப்பட்டோரிடையே பணியாற்ற விரைந்தனர். 1926ஆம் ஆண்டு பஞ்சாபிலேயே மங்கு ராம் தலைமையில் ஆத் தர்ம இயக்கம் தோன்றி, நாங்கள் இந்நாட்டின் ஆதிக்குடிகள், எங்களுக்கெனத் தனிச்சமயம் உண்டு என்று முழங்கிற்று. வழிகள் வேறு, ஆனால் எம் வாழ்வை யாமே முடிவு செய்வோம் என்னும் உள்ளுறுதி ஒன்றே.

நாம் கொள்ள வேண்டியது

தித் தம் கைப்பட ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றிய செய்திகள் மிஷனரிமாரின் நூல்கள் வழியாகவே நமக்கு எட்டியுள்ளன. 1886ஆம் ஆண்டு தம் மிஷனின் வரலாற்றை வெளியிட்ட ஆண்ட்ரூ கோர்டன் முதலியோர் எழுதியிராவிடில் அப்பெயரே மறைந்திருக்கும். அவர்தம் நெஞ்சில் எழுந்தவற்றை அவருடைய சொல்லிலேயே கேட்கும் பேற்றை நாம் இழந்தோம். எழுத்தறிவு ஒரு சமுதாயத்துக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. நம் வரலாற்றை நாமே எழுத வேண்டுமாயின் நம் பிள்ளைகள் அனைவரும் கற்றாக வேண்டும்.

கற்றபின் செய்ய வேண்டியது யாது என்பதனையும் தித்திடமே நாம் அறியலாம். படித்துப் பட்டம் பெற்று நகரில் பணியேற்கும் இளைஞருக்கு, ஊரும் சுற்றமும் சில வேளைகளில் பாரமாகத் தோன்றும். குடியை விடு என்றால் சினக்கின்றனர். மகளைப் பள்ளிக்கு அனுப்பு என்றால் நகைக்கின்றனர். நீ படித்துவிட்டாய் என்பதற்காக எங்களுக்குப் புத்தி சொல்ல வந்தாயோ என்று கேட்கின்றனர். மனம் நொந்து, இவர்கள் திருந்தமாட்டார்கள் என்று முடிவு கட்டி, ஊர்ப்பக்கமே திரும்பாது விட்டவரை நாம் பார்த்திருக்கின்றோம். அவர்கள் சொன்ன கருத்து நல்லதே. ஆனால் நீ எங்களை விட்டுப் போகிறாயா என்னும் பழைய கேள்விதான் அந்த ஏளனத்தின் அடியில் ஒலிக்கிறது என்பதனை அவர்கள் செவிமடுக்கவில்லை.

மற்றொரு பாடமும் உண்டு. தாம் உண்மை என்று நம்பியதைப் பிறரிடம் எடுத்துரைக்க எவருக்கும் உரிமையுண்டு. அதனை மறுக்கக் கேட்பவருக்கும் உரிமையுண்டு. தித் இரண்டையும் மதித்தார். மறுத்தவரை அவர் பகைக்கவில்லை; அச்சுறுத்தவில்லை; ஆசை காட்டி இழுக்கவும் இல்லை. ஆசை காட்டுவதற்கு அவரிடம் இருந்ததுதான் யாது? தோல் மூட்டையும் ஊனமுற்ற காலும் உறுதியான நெஞ்சுமே அவருடைய உடைமைகள். சமய வேற்றுமைகளைக் காட்டி நம்மைப் பிரிக்க முயல்வோர் மலிந்த இந்நாளில், கொள்கையில் உறுதியும் உறவில் கனிவும் ஒருங்கே அமைந்த இம்மனிதரின் போக்கு எச்சமயத்தாருக்கும் எடுத்துக்காட்டாகும்.

இளைஞர்களே! வெள்ளிவிழாக் கொண்டாடும் இவ்வேளையில், இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் படித்து வெளியேறினர் என்று நாம் கணக்கிடுகின்றோம். கணக்கிட வேண்டியதே. அவர்களுள் எத்தனை பேர் தாம் பெற்றதைச் சுமந்துகொண்டு தம் தெருவுக்குத் திரும்பினர் என்னும் கணக்கையும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் எழுதத் தொடங்குவோமாக. அக்கணக்கின் முதல் வரியில், 1873ஆம் ஆண்டு சூன் திங்களில் சியால்கோட்டிலிருந்து ஷாஹாப்திகே நோக்கி நொண்டி நடந்த அந்தத் தோல் வணிகரின் பெயர் இருக்கட்டும்.